தோட்டத்தில் மனநலக் கூட்டம் வைப்பதற்கு முன்னால்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறீர்கள். தோட்டத்தின் ஒரே டிவிஷனில் (பிரிவில்) ஒரு வருடத்துக்குள் இரண்டு பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதில் ஒருவன் உங்களிடம் படித்த பையன். ஒக்டோபர் 10, உலக மனநல நாளன்று கோயில் மண்டபத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் வைக்க இளைஞர் மன்றம் முடிவு செய்திருக்கிறது. ஆட்கள் எதற்கெடுத்தாலும் பேய், செய்வினை என்று கோடாங்கியிடம் ஓடுகிறார்கள், இந்த அறியாமையை எப்படிப் போக்குவது, என்ன பேசினால் மண்டையில் ஏறும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கேள்விக்குள்ளே வேறொன்று கேட்கிறது. மூன்றாவது ஆள் போய்விடக் கூடாது, அதற்கு என்ன செய்யலாம் என்பதுதான் அது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் மனநல வைத்தியர் இல்லை. மலையகத்து அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக வேலை செய்தவன். எந்த மருந்து, எவ்வளவு என்பதையெல்லாம் நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். வைத்தியர் எழுதித் தந்த மருந்து லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, போய்ச் சேர்ந்ததா, அடுத்த தவணைக்கு ஆள் ஏன் வரவில்லை என்று தேடிக்கொண்டு போவதுதான் என் வேலை. ஆகவே கிளினிக் மேசைக்கும் லயத்துக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை நம்பிச் சொல்வேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். ஆட்கள் வைத்தியத்துக்கு வராததற்கு அறியாமைதான் காரணம் என்று அந்த மேடையில் தயவுசெய்து சொல்லாதீர்கள். அது பாதிகூட உண்மை இல்லை. தலைப்பாரம், நெஞ்சடைப்பு, கைகால் ஓய்ச்சல், இராவில் நித்திரை இல்லை, மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டு நிற்கும்போதே காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று சொல்லும் பெண்ணுக்குத் தனக்கு ஏதோ சரியில்லை என்பது நன்றாகத் தெரியும். தோட்டத்து டிஸ்பென்சரியில் அவள் இதைச் சொல்லியும் இருப்பாள். பெரும்பாலும் பனடோலும் விற்றமினும் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பாள். அவளிடம் போய் "மனநோய் என்பது வெட்கப்படவேண்டிய விஷயம் அல்ல" என்று மைக்கில் சொன்னால், அவள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள். அதற்கப்புறம் எங்கே போவது?

கிளினிக் நாள் ஒன்றை அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நிற்கவில்லை என்றால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கே வருடக்கணக்கில் போராடி, 2021இல்தான் அது கிடைத்தது. அதுவும் சொன்ன கிலோ எடுத்தால்தான், குறைந்தால் அரைப்பேர் என்று எத்தனை தோட்டத்தில் சண்டை. அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டு, மூன்று நான்கு கட்டை (மைல்) நடந்து மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் பிடிக்கிறாள். பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) விட்டால் பின்னேரத்துக்குள் திரும்பியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் இலக்கம் எடுத்து, கூப்பிடும்வரை காத்திருந்து, வைத்தியர் முன் உட்காரும்போது பொழுது சாய்ந்திருக்கும். கிடைப்பது சில நிமிஷம். மருந்து இலவசம்தான், அதில் நம் நாடு பெருமைப்படலாம்; ஆனால் 2022இல் போல மருந்துத் தட்டுப்பாடு வந்தால் வெளியே பார்மசியில் வாங்கச் சொல்லித் துண்டு தருவார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று கிழமை ஆகும் என்பதை அந்தச் சில நிமிஷத்தில் அவளுடைய மொழியில் யாரும் சொல்லாததால், ஒரு கிழமை குடித்துவிட்டு "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று நிறுத்திவிடுவாள். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியும் குறிப்பும் சிங்களத்தில் இருக்கும். வாசிக்கத் தெரிந்தவர் கடை முதலாளி. அவரிடம் கொண்டுபோய்க் காட்டினால் சாயந்தரத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். இவ்வளவும் நடந்தபின் அவள் வராமல் விட்டால், "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுகிறோம்.

மொழிப் பிரச்சினையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறெந்த வைத்தியத்தையும்விட இதில் மொழிதான் கருவி. கால் முறிந்தால் எக்ஸ்ரே பேசும். மனம் முறிந்தால் ஆள்தான் பேச வேண்டும். தமிழ் தெரியாத வைத்தியரும் சிங்களம் தெரியாத நோயாளியும் எதிரெதிரே உட்காரும்போது, நடுவில் நிற்பது சிற்றூழியராகவோ வரிசையில் அடுத்து நிற்கும் ஆளாகவோ இருக்கும். பல தடவை கூட வந்த பிள்ளையாகவே இருக்கும். பாடசாலையில் சிங்களம் படித்த பெண்பிள்ளை அம்மாவுக்காக மொழிபெயர்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். "சாக வேண்டும் என்று நினைப்பு வருகிறதா என்று கேளுங்கள்" என்றார் வைத்தியர். பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் நின்றது. பிறகு அம்மாவிடம், "நல்லா சாப்பிடுறீங்களான்னு கேக்குறாரு" என்றது. அம்மா ஆமாம் என்றாள். வைத்தியரிடம் அது "இல்லையாம்" என்று போய்ச் சேர்ந்தது. அந்தப் பிள்ளை மேலும் தப்பில்லை, வைத்தியர் மேலும் தப்பில்லை. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. அந்த உரிமை அந்த அறைக்குள் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இது ஏதோ தற்செயலாக இப்படி ஆகவில்லை. இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த நம் ஆட்களை 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தங்கை இங்கே. எஞ்சியவர்களுக்கு முழுமையாகத் தீர்வு வந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான். இந்தக் காலம் நெடுக, தோட்டத்து வைத்தியம் தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்தது. நாட்டின் இலவச சுகாதார சேவைக்குள் அதைக் கொண்டுவரும் வேலை பிந்தித் தொடங்கி, இன்னும் முடியவில்லை. மனநலத்துக்கான தேசியக் கொள்கை 2005இல் வந்தது. கொழும்புப் பக்கத்து அங்கொடை மனநல ஆஸ்பத்திரியை மட்டும் நம்பியிருக்காமல் மாவட்டங்களுக்குச் சேவையைக் கொண்டுபோவது அதன் நோக்கம். நல்ல கொள்கை, அதனால் உண்மையிலேயே நன்மை நடந்தது. மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவுகளும் மனநலத்துக்கென்று பயிற்சி பெற்ற வைத்தியர்களும் வந்தார்கள். ஆனால் மாவட்டம் வரை வந்தது டிவிஷன் வரை வரவில்லை. சேவை எட்டாத இடத்தில் ஆட்கள் எட்டுகிற இடத்துக்குப் போகிறார்கள். கோடாங்கி பக்கத்து லயத்தில் இருக்கிறார், இரவிலும் வருவார், தமிழில் பேசுவார், வீட்டார் எல்லோரையும் உட்கார வைத்துக் கதை முழுவதையும் கேட்பார்.

சேவை எட்டாத சமூகங்களில் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்போது மிகவும் பிந்திவிடுகிறது. வீட்டில் அடக்க முடியாமல் போய், பொலிஸ் வந்து, கையைக் கட்டி ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். லயத்தில் பத்துக் குடும்பம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அப்புறம் மனநலப் பிரிவு என்றாலே ஜீப்தான் ஞாபகம் வரும். நம்மிடம் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் வைத்தியம் எல்லாருக்கும் இலவசம். இருந்தும் மனநலச் சட்டத்தின் கீழ்க் கட்டாயமாக அடைக்கப்படுகிறவர்களில் கறுப்பின மக்களின் வீதம் வெள்ளையர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல். அங்கேயும் முதலில் அந்த மக்களின் பண்பாட்டைத்தான் குறை சொன்னார்கள்.

சரி, கோடாங்கி விஷயத்துக்கு வருகிறேன். அவரோடு சண்டைக்குப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பெங்களூரைச் சேர்ந்த மனநல வைத்தியர் ரகுராமும் குழுவினரும் ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். மருந்து இல்லை, தனிச் சடங்கு எதுவும் இல்லை. சராசரியாக ஆறு கிழமை அங்கே தங்கி, கூட்டிப் பெருக்கி, பூசையில் நின்றார்கள். நோய்க்குறிகள் கிட்டத்தட்ட 20 வீதம் குறைந்திருந்தன. சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை, எனவே கோயில் குணமாக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அடி உதை இல்லாத, மரியாதையான, ஆள் துணையுள்ள இடத்துக்கு ஒரு பலம் உண்டு என்ற அளவுக்கு நான் அதை ஏற்றுக்கொள்கிறேன். இதற்கு முந்திய வருடம்தான், 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி, தமிழ்நாட்டு ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். ஆகவே நான் போட்டுக்கொண்ட எல்லை இதுதான்: நேர்த்தி, பூசை, திருநீறு எல்லாம் நடக்கட்டும், மருந்தும் கூடவே நடக்கட்டும். கட்டிப்போடுவது, அடிப்பது, பட்டினி போடுவது, புகை போடுவது வந்தால் அங்கே தடுக்க வேண்டும். இதைக் கோடாங்கியிடமே பேசலாம். "மூன்று நாளில் தெளியாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டபோது சொல்லியனுப்பிய கோடாங்கிகள் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு அவரையும் கூப்பிடுங்கள். முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

இரண்டு சந்தர்ப்பங்களில் மட்டும் அந்த மூன்று நாள்கூடப் பொறுக்கக் கூடாது. பிள்ளை பெற்ற முதல் இரண்டு கிழமைக்குள் ஒரு தாய் நித்திரையே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, பிள்ளையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னால், அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். தீட்டுக் கழியட்டும் என்று இருக்கவே கூடாது. வைத்தியம் பார்த்தால் பெரும்பாலான தாய்மார் நன்றாகத் தேறிவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்தது குடி. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்கத் தினமும் கசிப்போ சாராயமோ குடித்தவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்துகிறார். இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கும், வியர்க்கும், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், இல்லாத ஆளோடு பேசுவார், வலிப்பும் வரலாம். சாமி குத்தம் என்று வீட்டார் பதறுவார்கள். இது குடியை நிறுத்தியதால் உடம்பில் வரும் ஆபத்து, உயிரே போகலாம், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துச் சில நாளில் சரியாக்கிவிட முடியும். மாலை போட நினைக்கிற கடும் குடிகாரர் அதற்கு முன்பே வைத்தியரைப் பார்த்துவிட்டால் விரதமும் நடக்கும், ஆளும் பிழைப்பார். உங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு தகவல்தான் சொல்ல நேரம் இருக்கிறது என்றால், நான் இதைச் சொல்வேன்.

இனி அந்த இரண்டு சாவுகள். இதில் உறுதியாகத் தெரிந்தது எது, சந்தேகமானது எது என்று பிரித்தே சொல்கிறேன். 1995ஐ ஒட்டி இலங்கையில் இலட்சத்துக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த எண்ணிக்கைகளில் ஒன்று. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்தது. பத்து வருடத்துக்குள் அந்த எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியானது. வறுமையும் யுத்தமும் குடியும் அப்போதும் இருந்தன. இதிலிருந்து நான் படித்துக்கொண்டது: அந்த நினைப்பு பலருக்கு வந்து போகும் நேரம் சில மணித்தியாலம்தான், அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் கொல்லும் பொருள் இல்லாவிட்டால் பெரும்பாலானோர் உயிரோடு இருக்கிறார்கள், பிறகு அதே எண்ணத்துக்குத் திரும்பாமலும் போகிறார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பூச்சிமருந்தை அதில் வைக்கச் சொன்னால் போதும் என்று பலரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது; பெட்டியால் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. எனவே பெட்டி வாங்கப் பணம் சேர்க்காதீர்கள். தோட்டத்து ஸ்டோரிலும் மரக்கறித் தோட்டக்காரர்களின் வீட்டிலும் தேவைக்கு மேல் பூச்சிமருந்து கிடக்காமல் பார்ப்பதும், கலங்கியிருக்கும் ஆளுக்குக் கடையில் விற்காமல் இருக்கக் கடைக்காரரோடு பேசுவதும் செய்யக்கூடியவை. கடைக்காரர் முயற்சியால் எவ்வளவு குறையும் என்பதற்குப் பலமான ஆதாரம் இல்லை. செலவில்லாதது, கெடுதல் இல்லாதது என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்றும் உறுதி. "சாகணும்னு நினைப்பு வருதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்கலாம், கேட்க வேண்டும். பெரும்பாலும் ஆள் பெருமூச்சு விட்டுச் சொல்லத் தொடங்குவார். 1998இலிருந்து தற்கொலை முயற்சி இந்த நாட்டில் குற்றமும் இல்லை. பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விட வேண்டியதில்லை என்பதைக் கூட்டத்தில் சத்தமாகச் சொல்லுங்கள். அதேநேரம், யார் செய்துகொள்வார், யார் மாட்டார் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த வைத்தியராலும் எந்தக் கேள்வித்தாளாலும் முடியாது. உங்கள் மாணவனைப் பற்றி நீங்கள் உங்களையே கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். கவனிக்கத் தவறியதாக உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அவனோடு நெருங்கியிருந்த இரண்டு மூன்று பேரை இப்போது கவனியுங்கள். ஒரு சாவுக்குப் பிறகு வரும் மாதங்களில் ஆபத்து அவர்களுக்குத்தான் கூடுதல். அவனுடைய படத்தைப் பாட்டுப் போட்டு முகநூலில் பகிர்வதை நிறுத்தச் சொல்லுங்கள். எப்படிச் செய்தான் என்பதை வகுப்பில் யாரும் விவரிக்க வேண்டாம். அந்த வீட்டுக்கு எட்டு, பதினாறு, முப்பத்தொன்று முடிந்த பிறகும் போய் வாருங்கள். எல்லாரும் வந்து போய் ஓய்ந்த பிறகுதான் அந்த அம்மா தனியாக இருப்பாள்.

அப்படியென்றால் டிவிஷனுக்குள்ளே சேவையைக் கொண்டுவருவது எப்படி? இதற்கு நம் தெற்காசியாவிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. பாகிஸ்தானில் கிராமத்துச் சுகாதாரப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளின் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் மனநலம் படித்தவர்கள் அல்ல, அதே ஊர்ப் பெண்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில், அவர்கள் போன வீடுகளில் 23 வீதம் தாய்மாருக்கு மனச்சோர்வு இருந்தது; சும்மா போய் வந்த வீடுகளில் 53 வீதம். அதிக் ரஹ்மான் குழுவினர் 2008இல் வெளியிட்ட முடிவு இது. இதே வழி பிறகு பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. உங்கள் டிவிஷனில் யார் அந்தப் பெண்? என் அனுபவத்தில் பிள்ளைக் காம்பரா அக்காதான். எந்தத் தாய் காலையில் பிள்ளையை விடும்போது முகம் வீங்கி வருகிறாள், எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வருகிறது, எந்த வீட்டில் நேற்று இரவு சண்டை என்று அவருக்குத் தெரியும். குடும்பநல மருத்துவிச்சி வீட்டுக்கே போகிறவர். இவர்களுக்குப் பயிற்சி வேண்டும், மாதம் ஒருமுறையாவது கலந்து பேச ஆள் வேண்டும், கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளமும் வேண்டும். "சேவை மனப்பான்மை" என்று சொல்லி ஏழைப் பெண்களிடம் சும்மா வேலை வாங்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அப்புறம், இது மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்குப் பொருந்தும். காதில் குரல் கேட்கும், யாரோ கொல்ல வருவதாகப் பயப்படும் நோய்க்கு வைத்தியரும் மருந்தும் இல்லாமல் முடியாது; அங்கே ஊர்ப் பெண்ணின் உதவி ஆளைக் கிளினிக்கில் சேர்ப்பதும் நிலைக்க வைப்பதும். தினமும் மாத்திரை குடிக்க முடியாதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசி உண்டா, தங்களுக்குச் சரிவருமா என்று வைத்தியரிடம் கேட்கலாம். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கூட்டத்தை நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட்கள் முன்னால் நோய்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லும் பேச்சைக் குறைத்துவிட்டு, வைத்தியத்துக்குப் போக வழி செய்யும் கூட்டமாக அதை மாற்றுங்கள். துரையும் (தோட்ட மேலாளர்) தொழிற்சங்கத் தலைவரும் வருவார்களே, கிளினிக் நாளுக்குப் போகிறவருக்குப் பேர் வெட்டக் கூடாது என்று அவர்கள் வாயால் எல்லார் முன்னிலையிலும் சொல்ல வையுங்கள். கூட வந்து மொழிபெயர்க்க, வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்த வளர்ந்த ஆட்கள் ஆண் ஒருவர், பெண் ஒருவர் இளைஞர் மன்றத்திலிருந்து முன்வரட்டும். பிள்ளைகளை அதற்கு விடவே வேண்டாம். இரவில் ஆள் கலங்கினால் எந்த வாகனம், யாருடைய நம்பர் என்பதைப் பிரட்டுக்களத்தில் எழுதி ஒட்டுங்கள். 1926 என்பது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம், 24 மணி நேரமும் இருக்கும், தமிழிலும் பேசலாம். அதையும் அங்கேயே எழுதுங்கள். ஒக்டோபர் வரை காத்திருக்காமல் நீங்களே ஒருமுறை அந்த இலக்கத்துக்கு எடுத்துப் பேசிப் பார்த்துவிடுங்கள், அப்போதுதான் மற்றவருக்கு என்ன நடக்கும் என்று சொல்ல முடியும். மாதம் ஒருமுறை கிளினிக்கை உங்கள் தோட்டத்துக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கொண்டுவரக் கேட்டு, மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநல வைத்தியருக்கும் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கும் கடிதம் கொடுங்கள். எத்தனை பேர் மருந்து எடுக்கிறார்கள், எத்தனை கட்டை தூரம், எத்தனை நாள் சம்பளம் போகிறது என்று கணக்கோடு எழுதுங்கள். ஆட்களின் பெயரை எழுத வேண்டாம். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. பதில் வராவிட்டால் திகதி போட்ட பிரதியோடு மாகாண சுகாதாரப் பணிப்பாளரிடம் போகலாம்.